ஜூடித் அக்காவை அந்தமானுக்கு அனுப்புதல்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியது இல்லை. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் ஜூடித் அக்கா. குன்னூரில் எங்கள் பக்கத்து வீடு. சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் அறைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. கணவர் சில்வஸ்டர் அண்ணன் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். மற்றவர்களின் விடுமுறைதான் அந்த வீட்டில் இருவருக்கும் பிழைப்பு.

போன நவம்பரில், நாட்கணக்காகக் காயாத துணியை வெளிக்கொடியிலிருந்து எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏனு ஸ்டெபி, நீ கதையெல்லாம் எழுதறயாமா? எங்க ரெண்டு பேரையும் ஒரு கதையில அந்தமானுக்கு அனுப்பி உடு பாக்கலாம். நெசத்துல ஆகற மாதிரி தெரியல."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கப்பலா விமானமா என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். எழுத எது சுளுவோ அதிலே அனுப்பு என்றார். பிறகு ஒரு சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல், இன்னொன்றும் சொன்னார்.

"இந்தத் தடவையும் போகலைன்னா இனி நான் அவர்கிட்டக் கேக்கறதா இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப் போச்சு."

முதலில் சொன்னதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னதற்காக எடுத்தேன். எங்கள் தெருவில் யாருமே எங்கும் போனதில்லை. போகாமல் இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் கல்யாணமான வருடத்திலிருந்து ஒரே விஷயத்தை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்டால் அந்த வீட்டின் சாயங்காலங்களில் என்ன மிஞ்சும்? எனக்குப் பயமாக இருந்தது.

(குழந்தைகள்? கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. அதைப் பற்றிய கதையாக இதை மாற்றினால் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.)

2

முதல் தொடக்கம்:

கப்பலின் மேல்தளத்தில் ஜூடித் தனியாக நின்றிருந்தாள். அவளுடைய தூய வெண்ணிற உடையை உப்புக்காற்று—

அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெள்ளையிலே கறை பட்டால் யார் துவைப்பது என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

பள்ளத்தாக்கை நிறைத்திருந்த மேகத்தின் மேல் மலைமுகடுகள் தீவுகளைப் போல—

(நீக்கவும். எங்கள் ஊருக்கு எழுத வருகிற எல்லோரும் இந்த வரியை எழுதிவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்கள்.)

மூன்றாம் தொடக்கம்:

ஜூடித் அதுவரை கடலையே பார்த்த—

இங்கே பேனா நின்றது. பார்த்திருக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. கேட்டேன். பார்க்காமல் என்ன, வேளாங்கண்ணிக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம் என்றார். அப்படியானால் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள், அதுவும் சுற்றுலாதானே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேளாங்கண்ணி போறது டூரா? அது நேர்த்திக்கடன். மாமாவுக்குக் கால் சரியாகோணும்னு போனோம். வண்டி லோன் முடிஞ்சுதுன்னு போனோம். நான் இது வரைக்கும் ஊரத் தாண்டிப் போனதெல்லாம் ஒண்ணு கல்யாணம், ஒண்ணு எழவு, இல்ல வேண்டுதல். காரணமே இல்லாம ஒரு எடத்துக்குப் போகோணும் ஸ்டெபி. எதுக்கு வந்தீங்கன்னு யாராச்சும் கேட்டா, சும்மாதான்னு சொல்லோணும்."

இதைக் கேட்ட பிறகு என்னுடைய மூன்று தொடக்கங்களும் எனக்கே பிடிக்காமல் போயின. உப்புக்காற்றும் வெள்ளை உடையும் எனக்கு எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு தைலக் கடையில் வேலை பார்க்கிறேன். யூகலிப்டஸ் தைலம், டீத்தூள், சாக்லேட். ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குக் கீழே வைத்து மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். என் கடல்களில் மீன் வாடை கிடையாது. எந்த நாட்டுக் கடலாக இருந்தாலும் நல்ல தமிழ் பேசும். அந்த நாவல்களில் ஜூலை வந்தால் போதும், வீட்டைப் பூட்டி, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திவிட்டு, குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கும் யாரோ பெட்டி கட்டிக் கொடுத்தது போல இருக்கும். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்து மூட்டுவலித் தைலம் கேட்பார்.

ஜூலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே தேவைப்படும்.

3

எங்கள் ஊரில் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது. சீசன், ஆஃப் சீசன், அவ்வளவுதான்.

ஏப்ரலும் மேயும் பெரிய சீசன். பூஜை விடுமுறைக்கு இரண்டாவது சீசன். கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் முடியும் வரை இன்னொன்று. இந்த மாதங்களில் சில்வஸ்டர் அண்ணன் விடிவதற்குள் வண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். அவர் திரும்பும்போது அக்கா தூங்கியிருப்பார், அல்லது காட்டேஜிலேயே இருப்பார். அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததுகூட ஒரு சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். மறுவீடு முடித்துவந்த மறுநாளே மாப்பிள்ளை ஒரு தேனிலவு ஜோடியை ஏற்றிக்கொண்டு டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போனார்.

பிப்ரவரி சும்மாதானே இருக்கிறது என்று கேட்கலாம். நீலகிரியில் வெயில் நிஜமாகவே வெயிலாக அடிப்பது அந்த மாதத்தில்தான். காட்டேஜின் கம்பளிகள், ரஜாய்கள், மெத்தைகள், திரைச்சீலைகள் எல்லாம் அப்போதுதான் வெளுத்து உலர்த்தப்படும். பிப்ரவரியில் உலராதது மே மாதத்தில் நாறும். அந்தப் பொறுப்பு முழுவதும் ஜூடித் அக்காவுடையது. அவருடைய முதலாளி ஜெகதீசன் பிப்ரவரியில் யாராவது செத்தால்தான் லீவு தருவார். அதுவும் நெருங்கின சொந்தமாக இருக்க வேண்டும். மார்ச்சில் சீசனுக்காகக் காட்டேஜுக்கு வெள்ளையடிப்பார்கள், அப்போதும் இதே கதைதான்.

மிஞ்சுவது மழைக்காலம். அக்கா ஜூலை என்றார், காட்டேஜ் காலியாக இருக்கும் என்பதால். அண்ணனும் ஜூலை என்றார், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவது அப்போதுதான் என்பதால். நானும் ஜூலை என்றேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பேரும் மூன்று காரணத்துக்காக ஒரே மாதத்தைச் சொன்னபோது கடவுளே தேதி குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. கடலை யாரும் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் அவர்கள் வீட்டு அடுப்படியில் நாங்கள் போட்ட திட்டம் மாதிரி ஒரு திட்டத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. மற்றவர்கள் என்னென்ன பார்ப்பது என்று திட்டம் போடுவார்கள். அக்கா எதையெல்லாம் செய்யாமல் இருப்பது என்று போட்டார். எழுந்ததும் படுக்கையை மடிக்க மாட்டேன். அப்படியே சுருட்டிப் போட்டுவிட்டு வெளியே போவேன். குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில்மேல் எறிவேன். டீ குடித்த டம்ளரை ஜன்னல் திட்டில் மறந்துவிட்டு வருவேன். மணலை மிதித்த காலோடு அறைக்குள் நடப்பேன்.

"அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி இருப்பா. திட்டிட்டே பெருக்குவா," என்றார் அண்ணன்.

"திட்டட்டும். எத்தனை பேர நான் திட்டியிருக்கறேன், என்னையும் யாராச்சும் ஒருக்கா திட்டினா என்னவாம்?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையை எழுத முயன்று என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அடித்துவைத்திருக்கிறேன். படிக்க வேண்டாம். ஈரத்துண்டு என்ற ஒரு சொல்லே போதும்.

4

பொங்கல் கூட்டம் இறங்கிப் போன பிறகு, ஜனவரிக் கடைசியில், அக்கா அந்தமானுக்கே போன் போட்டார். ஒரு தீவில் சின்னதாகத் தங்கும் விடுதி வைத்திருக்கிற ஒருவரின் எண்ணை அண்ணனுக்கு யாரோ ஒரு சவாரிக்காரர் கொடுத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். எடுத்தவர் பெயர் லிங்கசாமி. நன்றாகத் தமிழ் பேசினார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பமாம்.

ஜூலையில் அறை கிடைக்குமா என்று அக்கா கேட்டார்.

"ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கும் அக்கா. கடல்தான் சாத்திக் கெடக்கும்," என்றார் லிங்கசாமி.

எங்களுக்குப் புரியவில்லை. மழைதானே, எங்களுக்கு மழை பழக்கம்தான் என்றார் அக்கா. மழை இல்லை, காற்று என்றார் அவர். போட் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. தீவுக்குத் தீவு போக முடியாமல் போர்ட் பிளேரிலேயே ஓர் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். தண்ணீரில் காலை வைக்க விட மாட்டார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எங்களுக்கு ஆஃப் சீசன்.

எங்கள் ஊரில் மழைக்கு எதுவும் மூடுவதில்லை. பஸ் ஓடும், பள்ளிக்கூடம் நடக்கும், கொழுந்து பறிப்பார்கள். கடல் என்கிற ஒன்று மூடும் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? என் நாவல்களில் இல்லை.

எந்த ஊர் என்று லிங்கசாமி விசாரித்தார். சொன்னோம்.

"குன்னூரா? ஊட்டிக்குப் பக்கத்துலயா? அட, போன ஜூலையில குடும்பத்தோட ஊட்டிக்கு வந்தோமே. எங்களுக்கு அப்பத்தானே ஓய்வு. ஆசையா வந்தோம் அக்கா. ஒரே மழை. பனிமூட்டத்துல எதுத்தாப்ல நிக்கிற பொண்டாட்டி தெரியல. ரூமுக்குள்ள சீட்டு விளையாண்டுட்டுத் திரும்பிட்டோம்."

அக்கா ஊருக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கடலுக்காகக் கேட்டார். ஜனவரி பிப்ரவரியில் வாருங்கள், அல்லது மே பாதிக்குள் வாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். போனை வைத்ததும் நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்களுடைய கடல் மூடியிருக்கும்போது அவர்கள் எங்கள் மலைக்கு வருகிறார்கள், எங்கள் மலை மூடியிருக்கும்போது நாங்கள் அவர்கள் கடலுக்குப் போகப் பார்க்கிறோம். இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, ஆச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பருப்பை அடுப்பில் வைத்தார்.

அதற்குப் பிறகு பிப்ரவரி முழுவதும் அந்தமான் என்ற சொல் அந்த வீட்டில் வரவில்லை. காட்டேஜின் புல்வெளி முழுக்கக் கம்பளிகள் விரிந்து கிடந்தன. நான் இரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தேன். கம்பளிப்பூச்சி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பேச நேரமில்லை என்றார். கேட்பதை நிறுத்திவிட்டார். சொன்னதைச் செய்துவிட்டார்.

5

(ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம்.)

கோபத்தில் நான் சில்வஸ்டர் அண்ணனை வில்லனாக்கினேன். அந்தப் பிரதியில் அவர் குடிப்பார், மனைவியின் ஆசையைக் கிண்டல் செய்வார், ஜூலை கைவிட்டுப் போனதும் உள்ளுக்குள் நிம்மதியாகச் சிரிப்பார். நிஜத்தில் அவர் குடிப்பதில்லை. ஆனால் நிம்மதி? லிங்கசாமி பேசி முடித்ததும் அண்ணனின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாக நினைத்தேன்.

மார்ச் தொடக்கத்தில், கடைக்குச் சாக்லேட் பெட்டிகள் எடுக்க ஊட்டிக்குப் போனேன். திரும்பும்போது அண்ணன் காலி வண்டியோடு வந்தார், ஏறிக்கொண்டேன். லவ்டேல் தாண்டியதும் கேட்டுவிட்டேன். அண்ணா, உங்களுக்குப் போக இஷ்டமே இல்லைதானே?

அவர் ஒரு லாரியை முந்தினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"மூணாவது நாளு இருக்குது பாரு ஸ்டெபி, அதுதான். மொத நாளு போட்டோவா எடுத்துத் தள்ளுவாங்க. ரெண்டாவது நாளும் பரவால்ல. மூணாவது நாளு வண்டிக்குள்ள பேச்சு நின்னு போயிரும். நான் கண்ணாடியில பாத்துட்டேதான இருக்கறேன். அந்தம்மா அந்தப் பக்கம் பாக்கும், இவரு இந்தப் பக்கம் பாப்பாரு. எத்தனை சோடியப் பாத்திருப்பேன். ஊட்டுல நல்லாத்தான் இருந்திருப்பாங்க. இங்க வந்துதான் தெரியும், ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்லைன்னு."

எல்லோரும் அப்படியா என்றேன்.

"ஜூடி என் வண்டியில வந்தா முன்னாடி சீட்டு. நான் ரோட்டப் பாப்பேன், அவ வெளிய பாப்பா. அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. அங்க போய் எதிரெதிரா உக்காந்துட்டு நான் என்னத்தப் பேசறது? அவ இத்தனை வருசமா ஆசப்பட்டுட்டுக் கெடக்கறா. அங்க வந்து என்னைப் பாத்து இவ்வளவுதானான்னு ஆயிருச்சுன்னா?"

வீட்டுக்கு வந்து வில்லனைக் கிழித்துப் போட்டேன். கடலுக்குப் பயப்படுகிற மனிதர்களைப் படித்திருக்கிறேன். கடற்கரையில் மனைவிக்கு எதிரே உட்காரப் பயப்படுகிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிவைத்தேன். மேலே இருப்பது அதுதான்.

6

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் பாத்திரங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் பிரதியைப் பூட்டிவைத்து எழுதுங்கள்.

நான் கடையில் இருந்தபோது அக்கா எங்கள் வீட்டுக்குப் புளி கேட்டு வந்திருக்கிறார். மேஜைமேல் ஐந்தாம் பகுதி கிடந்திருக்கிறது. அவர் பெயர் இருக்கிற தாளை அவர் படித்ததில் தப்பில்லை. அவர் கேட்டு வாங்கிய கதை அது. சாயங்காலம் நான் வந்தபோது எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார். புளி இன்னும் கையிலேயே இருந்தது.

இதை அவரே சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ சேர்த்துக்கொள்ளவில்லையே? இல்லை.

கையிலிருந்த புளியைப் படியில் வைத்தார்.

"மூணாவது நாளு பேச்சு நின்னா நிக்கட்டுமே. இங்க மட்டும் நாங்க என்ன பேசிக் கிழிக்கறோம்? சாவி எங்க, சோறு போடட்டா, மழை வருதா. அதுக்கா இத்தனை நாளு மென்னு முழுங்கிட்டு இருந்தாரு இந்த மனுசன்?"

திட்டுவது போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி இருந்தது. புளியை மறந்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான், ஆனாலும் தெரியாது. கற்பனையாக எழுதலாம். கை வரவில்லை.

7

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தவக்காலம் என்பதால் கறி இல்லை, பருப்பும் உருளைக்கிழங்கும். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மே ரெண்டாவது வாரம் நான் வண்டி எடுக்கல."

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. அந்தத் தம்பி மே பாதி வரைக்கும் கடல் நல்லா இருக்கும்னு சொன்னான்ல. போயிட்டு வரலாம்."

குன்னூரைத் தெரியாதவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் புரியாது. மே மாதத்தில், மலர்க் கண்காட்சி நடக்கும்போது, ஓர் ஊட்டிப் பக்கத்து டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஊரைவிட்டுப் போவதாவது. அறுப்பு நேரத்தில் வயலை விட்டுப் போவது மாதிரி. அவருக்குச் சவாரி தரும் ஓட்டல்கள் அந்த ஒரு வாரத்தில் வேறு ஒரு வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; அடுத்த வருடம் அந்த வண்டியைத்தான் கூப்பிடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். சந்தோஷத்தில் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். இந்த இடத்தில் கதை முடிந்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? மே மாசத்துல நான் எப்படி வர்றது?"

காட்டேஜ் முழுக்க ஆள் இருக்கும். காலையில் ஒரு கூட்டம் காலி செய்யும், மதியத்துக்குள் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். மே மாதத்தில் லீவு கேட்பதும் வேலையை விடுவதும் ஜெகதீசனிடம் ஒன்றுதான். வேறு ஆள் போடட்டுமே என்றார் அண்ணன். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார், என் கம்பளிகளை யாரோ ஒருத்தி மடிப்பாள் என்றார் அக்கா. என் கம்பளிகள் என்றுதான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். மேலே பேசவில்லை.

அண்ணனும் வற்புறுத்தவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. நான் அந்த வாரத்த வெச்சிருக்கறேன்," என்றார்.

8

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, மொழிபெயர்ப்பு நாவலில் வருகிற மாதிரி. அவர்கள் போகிறார்கள். மூன்றாவது நாள் பேச்சு நின்றுவிடுகிறது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள், வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல. அது போதுமானதாக இருக்கிறது. இந்த முடிவை எழுதி முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. அக்காவிடம் காட்டினேன். நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தோம் என்று கேட்டார்.

இன்னொன்று. அக்கா வரவில்லை. அந்த வாரம் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. அண்ணன் விடிந்தும் எழுந்திருக்காமல் படுத்திருக்கிறார். அக்கா வேலைக்குப் போய்விட்டு வருகிறார். வாரக் கடைசியில் அவர் ஒரு நாள் படுக்கையை மடிக்காமல் போகிறார்— இதை முடிக்கவில்லை. அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே நம்ப முடியவில்லை.

இன்னும் ஒன்றில் அண்ணன் தனியாகப் போய்விடுகிறார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எழுதும்போது ஒன்று புரிந்தது. கேட்பது எளிதாக இருந்திருக்கிறது அக்காவுக்கு. இல்லை என்ற பதில் எப்போதும் ஆயத்தமாக இருந்ததால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆசைப்பட முடிந்தது. இப்போது ஆமாம் வந்துவிட்டது. இனி ஆசைப்பட்டால் போக வேண்டும். போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது. அக்காவை நான் குறை சொல்லவில்லை. என்னுடைய எல்லாக் கடல்களும் கல்லாவுக்குக் கீழேதான் இருக்கின்றன. நான் யார் சொல்ல.

இதற்கிடையில் ஏப்ரல் வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்தது. அண்ணனுக்கு வரும் அழைப்புகள் கூடின. ஒவ்வொருவரிடமும் அவர் மலைக்கு வர இ-பாஸ் எடுப்பது எப்படி என்று விளக்குவார், எத்தனை பேர், எந்த ஓட்டல் என்று கேட்பார். இரண்டாவது வாரத்தைக் கேட்டால் மட்டும், "அந்த வாரம் வண்டி இல்லைங்க," என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். அக்கா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் கரண்டி ஒரு நொடி நிற்கும், பிறகு கிளறும். இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணனும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

9

இது நேற்று நடந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். அலமாரிமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. அடித்து நின்று மறுபடியும் அடித்தது. அக்கா மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

அழைத்தது நீங்கள்தான்.

வேறு யாராக இருக்க முடியும்? உங்கள் ஊரில் வெயில் தாங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. ஒரு வருடமாக ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, வீட்டில் பலமுறை பேசி, ஒருவழியாகக் கிளம்புகிறீர்கள். உங்களுக்கும் ஆசை இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாரோ சில்வஸ்டர் எண்ணைக் கொடுத்தார்கள், நிதானமாக ஓட்டுவார், நல்ல மனிதர் என்று சொன்னார்கள். மே இரண்டாவது வாரத்தில் வண்டி இருக்குமா என்று கேட்டீர்கள். ஸ்பீக்கரில் இல்லாவிட்டாலும் அதுவரை எனக்குக் கேட்டது. கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுகிறீர்கள்.

"ஒரு நிமிசங்க," என்றார் அக்கா.

மூட்டம் வந்தால் எங்கள் வீடுகளுக்குள் மணி அடிக்கும் அளவுக்குத்தான் சிக்னல் இருக்கும். பேசினால் துண்டு துண்டாகப் போகும். அக்கா கதவைத் திறந்துகொண்டு படியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அண்ணன் துண்டோடு வந்து போன் எங்கே என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

எங்களுக்குத் தெரிந்தது அக்காவின் முதுகு மட்டும். மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. போனைக் காதில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்போது நீங்கள் ஹலோ ஹலோ என்று சொல்லியிருப்பீர்கள். பிறகு அவர் தலை லேசாக ஆடியது. பேசினார். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். அதற்கு மேல் நீளவில்லை. நீங்கள் ஏதோ கேட்டிருக்க வேண்டும், ஏன் இல்லை என்றோ, வாடகை எவ்வளவு என்றோ. அதற்கும் பதில் சொன்னார். போனை இறக்கினார்.

ஆனால் உள்ளே வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் செருப்பு போடாமல் படியேறிப் போனார். அவர் போய் நின்றதும் அக்கா திரும்பினார். மூட்டத்தில் முகம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அது நான் எழுதிய முடிவாகிவிடும். இரண்டு வாக்கியங்கள் பேசப்பட்டன, இரண்டையும் கேட்டவர் ஒருவர்தான்.

சொல்லுங்கள். அவர் உங்களிடம் என்ன சொன்னார்?